ஒரே ஒரு சம்மர் ஆடிய பிட்சர்

அமெரிக்காவின் பிளானோ நகரில் சனிக்கிழமை காலை. இந்தியக் கடையின் பில் வரிசையில் எனக்கு முன்னால் ஐம்பதை நெருங்கும் ஒரு தம்பதி நின்றிருந்தார்கள். கணவர் ஃபோனில் தினமும் வரும் பேஸ்பால் புதிரை ஆடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கட்டத்திலும் தரும் குறிப்புக்குப் பொருந்தும் பழைய ஆட்டக்காரர் ஒருவரின் பெயரைச் சொல்ல வேண்டும். பலரும் மறந்துபோன, அன்று மற்றவர்கள் சொல்லாத பெயராக இருந்தால் மதிப்பெண் அதிகம்.

"நம்ம ஊர் டீம்ல ஆடின லெஃப்ட் ஹேண்ட்ல பந்து வீசுற பிட்சராம். எனக்குத் தெரிஞ்சவன் எல்லாருக்கும் தெரிஞ்சவனா இருக்கான்."

மனைவி கறிவேப்பிலைப் பையைத் திருப்பிப் பார்த்தபடியே சொன்னார்: "டார்வின் பெல்கோன்னு போடுங்க. ஒரே ஒரு சம்மர்தான் ஆடினான், பாவம்."

கணவர் தட்டினார். கட்டம் பச்சையானது.

"ஏய், இன்னிக்கு வேற யாருமே இவனைச் சொல்லல! உனக்கு எப்படித் தெரியும்?"

"வந்த புதுசுல எனக்கு லைசென்ஸும் இல்ல, வேலை பாக்குற விசாவும் இல்ல. நீங்க ஆபீஸ் போனதும் டிவில மேட்ச் போட்டுடுவேன். கமென்ட்ரி கேட்டுத்தான் இவங்க இங்கிலீஷே எனக்குப் பிடிபட்டுச்சு."

"சொல்லவே இல்லையே?"

"நீங்க அப்போ கிரிக்கெட் தவிர எதையும் பாக்க மாட்டீங்களே."

அவர் குரல் இறங்கியது. "வீட்ல தனியா அழுதுட்டிருப்பியோன்னு நான் தினம் பயந்துட்டிருந்தேன், தெரியுமா?"

"முதல்ல அழுதேன்தான். அப்புறம் சீசன் ஆரம்பிச்சுடுச்சு."

அவர் சிரித்துவிட்டு ஃபோனை மனைவி கையில் கொடுத்தார்.

"அடுத்த கட்டம் நீயே போடு."