நாச்சியம்மாள் வைத்துக்கொண்ட குரல்

மெழுகுவத்தியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கதவோரம் உட்கார்ந்திருக்கும் வீரர் உள்ளே வந்துவிடலாம், அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது. இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு வேலை பார்க்கும் அன்புமணியின் மச்சான் சாமுவேலுக்கு நடந்தது.

தொண்ணூற்றெட்டு, மார்கழி. ராத்திரி ஏழரை மணி. காரமடையைத் தாண்டி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஒரு மண் சாலை... அதில் மொபெட்டில் தனியாகப் போய்க்கொண்டிருந்தான் சாமுவேல். துடியலூரில் வீடு. கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலை. நல்ல குரல்காரன். சர்ச்சில் அவன் பாட எழுந்தால் இருமுகிறவர்கள்கூட அடக்கிக்கொள்வார்கள். அவனுடைய மூன்று வயது மகள் இனியா, அப்பா பாடினால்தான் தூங்குவாள். அன்றைக்கும், "வெரசா வந்து பாடறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான்.

போன இடம் நாச்சியம்மாளின் தோட்டத்து வீடு. பெரிய பண்ணையம். இப்போது அவள் மட்டும்தான். ஒரே மகன் அரங்கநாதன் ஆடி மாதம் பைக்கில் போய் லாரியில் அடிபட்டுச் செத்தான். அவன் ஆசையாக வாங்கிய கம்ப்யூட்டரில், மைக்கில் பேசி ஒரு வரி பதிந்து வைத்திருந்தான். "அம்மா, சோறு உண்டீங்ளா?" அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டுத்தான் அவள் தினமும் தட்டின் முன்னால் உட்காருவாள். நான்கு நாளாகக் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. அவளும் சோறு தொடவில்லை.

"சுப்பையன் பையனா நீயி?" என்றாள் வாசலில் நின்று. "உங்கப்பன் நம்ம தோட்டத்துலதான் கெடந்தான். செருப்ப அங்கயே கழட்டிப்போட்டு வா."

உள்ளே பூட்டிக் கிடந்த அறையின் வாடை. பழைய ஊதுவத்திச் சாம்பல். சாமுவேல் சுவிட்சைப் போட்டான்.

டக்... டக்... டக்.

கொஞ்சம் ஓய்ந்தது. மறுபடி... டக்... டக்... டக்.

ஹார்டு டிஸ்க் சாகக் கிடக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. கையோடு கொண்டுபோன நல்ல டிஸ்க் ஒன்றை மாட்டிக் கம்ப்யூட்டரை ஓட வைத்தான். பழைய டிஸ்க்கையும் கூடவே மாட்டி, அதிலிருந்து அந்தக் குரலை எடுத்துவிடப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. டக் டக் மட்டும்தான் வந்தது.

குடிக்கத் தண்ணீர் கேட்டான். நாச்சியம்மாள் பின்பக்கம் போய், சுவர் மேல் கவிழ்த்து வைத்திருந்த ஒரு அலுமினிய டம்ளரை எடுத்து வந்து தரையில் வைத்தாள். சொம்பை எட்டத் தூக்கிப் பிடித்து ஊற்றினாள்.

"உங்கப்பன் குடிச்ச டம்ளர்தான். எடுத்துக்க."

சாமுவேலுக்குச் சுர்ரென்று ஏறியது. அப்பன் குனிந்து எடுத்த அதே டம்ளர். டிப்ளமோ படித்து, அவள் மகனுடைய மெஷினைத் திறந்து உட்கார்ந்திருக்கிறவனுக்கும் அதுவேதானா? அவன் தண்ணீரைத் தொடவில்லை.

"போச்சுங்கம்மா, இனி வராதுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். உங்களில் யாராவது இருந்தால் அப்படித்தான் செய்திருப்பீர்கள். அவனுக்கு அவளை நன்றாக ஏமாற்றிவிட்டுப் போக வேண்டும் போலிருந்தது. அவள் சாமி விளக்கு ஏற்ற உள்ளே போனதும் மைக்கை எடுத்தான். தொண்டையைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, மெதுவாகப் பேசிப் பதிந்தான்.

"அம்மா, சோறு உண்டீங்ளா?"

அந்த நொடியே டக் டக் நின்றது. நின்றது என்றால்... யாரோ காது கொடுத்துக் கேட்பதற்காக நிறுத்தியது போல நின்றது.

"கெடச்சிருச்சுங்கம்மா" என்று கூப்பிட்டான்.

நாச்சியம்மாள் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு தடவை கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை. மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். அழவில்லை.

"இது எம்பையன் கொரலு இல்ல."

சாமுவேல் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பைக்குள் போட்டான்.

"பரவால்ல, நல்லாத்தான் இருக்குது. உங்கப்பன் ஒடம்பு தேயத் தேய எங்களுக்கு ஒழைச்சுப்போட்டுப் போனான். நீ இதைக் குடுத்துட்டுப் போ. இதையே வெச்சுக்கறேன்."

மாட்டிய டிஸ்க்கைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்து வண்டியை எடுத்தான். தோப்பு இருட்டு. பயம் போக ஒரு பாட்டுப் பாடலாம் என்று வாயைத் திறந்தான். வெறும் காற்றுதான் வந்தது. வண்டிச் சத்தத்தில் தனக்கே கேட்கவில்லை என்று சமாதானம் செய்துகொண்டான், பாவம்.

வீட்டில் இனியா தூங்காமல் காத்திருந்தாள். தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பாட வாயைத் திறந்தான்.

டக்... டக்... டக்.

அப்பா விளையாடுகிறார் என்று குழந்தை கைதட்டிச் சிரித்தாள். மறுபடி செய்யச் சொன்னாள்.

டாக்டர்கள் பார்த்தார்கள். தொண்டையில் ஒரு குறையும் இல்லை என்றார்கள். கடைசியில் அவன் நடந்ததையெல்லாம் எழுதிக் காட்டினான். மனைவி மதிவதனி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவனையும் இழுத்துக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனாள்.

வாசலிலேயே கேட்டது. அவள் புருஷன் குரல். "அம்மா, சோறு உண்டீங்ளா... இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்... ரசம் ஊத்திக்குங்..." அவன் பதிந்தது ஒரே ஒரு வரி. இதுவோ பேசிக்கொண்டே இருந்தது. நாச்சியம்மாள் அந்தக் குரலின் முன்னால் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரின் கரண்ட் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி மேலேயே வைத்திருந்தது.

மதிவதனி குழந்தையை இறக்கிவிட்டு அவள் காலில் விழுந்தாள். "ஏனுங்கம்மா, அவரு கொரலக் குடுத்துருங்க. புள்ள ராவெல்லாம் தூங்க மாட்டீங்குதுங்க."

"குடுத்ததத் திருப்பிக் கேக்கறது எந்த ஊரு ஞாயம் அம்மணி?" என்றாள் நாச்சியம்மாள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

அப்போது ஸ்பீக்கரில் குரல் இழுத்தது. "அம்மா, சோறு உண்... டக்... டக்... உண்... டக்..."

நாச்சியம்மாளின் கை தட்டிலேயே நின்றது.

"இதுவுந் தேஞ்சுபோச்சா?" என்றாள்.

எழுந்தாள். கை கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு, மைக்கை எடுத்து வந்து இனியாவின் முன்னால் குந்தினாள். குழந்தையின் கன்னத்தை வழித்தாள்.

"ஏங்கண்ணு... எங்கே, ஒரு தடவ அம்மான்னு கூப்புடு பாக்கலாம்."

சாமுவேல் கத்தினான். டக் டக் என்றுதான் கேட்டது. தரையில் கிடந்த மதிவதனி எழுந்து பாய்வதற்குள்...

பெரியவர்கள் சொன்னால் கேட்கிற குழந்தை அது. "அம்மா" என்றாள்.

ஸ்பீக்கரில் டக் டக் நின்றது.