கடைசியாக உண்பவனின் பசி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் கர்னல் அவர்களே, பெற்ற பிள்ளைகளைச் சீருடைக்குத் தந்துவிட்டு முன்வரிசையில் கைக்குட்டையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, மிசௌரி மண்ணின் பெரியோர்களே, நாளைக் காலை தோளில் பொன்பட்டை ஏறப்போகும் மாணவ மணிகளே, உங்கள் அனைவருக்கும் கேப்டன் மாரிசோல் டீக்கின் பணிவான வணக்கம்.

தலைமை என்றால் என்ன? முன்னே நடப்பதா? முழங்கிப் பேசுவதா? மிடுக்காக நிற்பதா? நம் பயிற்சிக் களத்தில் முதல் நாளே சொல்லித் தருகிறார்கள், தலைவன் கடைசியாகத்தான் உண்ண வேண்டும் என்று. நல்ல வழக்கம். அந்த நல்ல வழக்கம்தான் என்னை வெள்ளத்தில் தள்ளியது. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இன்று நானும் சிரிக்கிறேன். அன்று சிரிக்க மூச்சில்லை.

அப்போது நானும் உங்களைப்போல் படைப்பயிற்சி மாணவி, கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. ஓசார்க் மலைக்காடு, ஓயாத மழை. எங்கள் குழுவுக்குத் தலைவன் வெண்டல் க்ரூஸ், பன்றிப் பண்ணைக்காரரின் மகன். அந்தப் பயிற்சியில் தேறினால்தான் அவனுக்கு அதிகாரிப் பதவி. உணவுப் பொட்டலங்கள் வந்தன, ஒன்று குறைந்தது. அது வெண்டலுக்கு மட்டுமே தெரியும். எங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, தான் அப்போதே சாப்பிட்டுவிட்டதாகச் சொல்லி வரைபடத்தோடு ஒதுங்கினான். அடுத்தடுத்த வேளைகளிலும் அதே குறை, அதே பொய்.

தியாகம் என்று நினைத்தான், பாவி மகன்! பசித்த கண்ணுக்கு மேடு எது, பள்ளம் எது? ஆற்றைக் கடக்க ஆழமில்லாத துறையை விட்டுவிட்டு, வெள்ளம் சுழிக்கும் வளைவுக்கு எங்களை அழைத்துப் போனான். முதலில் இறங்கியவள் நான். கால் நழுவியது, மூட்டையோடு மூழ்கினேன். வெண்டல்தான் குதித்து என் தோள்பட்டியைப் பிடித்தான். பிடித்தானே தவிர, இழுக்க அவன் கையில் வலுவில்லை. மற்றவர்கள் கைகோத்து இறங்கி எங்கள் இருவரையும் கரை சேர்த்தார்கள்.

கரையில் மூச்சு வந்ததும் அவனைக் கேட்டேன்.

"வெண்டல், நீ எப்போ சாப்பிட்ட?"

"அது எதுக்கு இப்ப?"

"எதுக்கா? என்னைப் பிடிச்ச கையில பிடியே இல்லப்பா."

தலை குனிந்தான். "முந்தாநாள். ஒண்ணு குறைஞ்சுது. தலைவன்தானே விட்டுக்கொடுக்கணும்?"

"கடைசியா சாப்பிடுன்னுதானே சொன்னாங்க, சாப்பிடாதேன்னா சொன்னாங்க? வாயத் தொறந்திருந்தா ஆளுக்கு ஒரு வாய் குடுத்திருக்க மாட்டோமா? எங்கள என்னன்னு நினைச்ச?"

அதற்குள் எங்களை மதிப்பிட வந்த மேஜர் ஓடி வந்து, எப்படி நடந்தது என்று கேட்டார். மழைமேல் பழி போட நாங்கள் அனைவரும் தயார். வெண்டல் எழுந்து நின்றான்.

"மழை இல்ல சார். நான் பட்டினின்னு இவங்ககிட்ட மறைச்சேன். தப்பு என்னுது."

அவன் தேறவில்லை. அந்த ஆண்டு அவனுக்குப் பதவியும் இல்லை. அன்று மாலை மறுபடி பொட்டலங்கள் வந்தன, மறுபடி ஒன்று குறைந்தது. எல்லோரும் எடுக்கும்வரை நின்றான். பிறகு, கூச்சத்தால் முகம் சிவக்க, எங்களைப் பார்த்துச் சொன்னான்.

"எனக்கு இல்ல. பசிக்குது."

அவையோரே, அந்த நொடியில்தான் அவன் எங்களுக்குத் தலைவனானான். அத்தனை கைகள் நீண்டன. அழுதுகொண்டே தின்றான். நாங்களும் அழுதோம், சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மாணவ மணிகளே! கடைசியாக உண்ணுங்கள், ஆனால் உண்ணுங்கள். களைப்பா, சொல்லுங்கள். கலக்கமா, சொல்லுங்கள். வழி தெரியவில்லையா, வாய்விட்டுச் சொல்லுங்கள். மறைத்தால், உங்களை நம்பி அந்த நீரில் இறங்கப்போவது, இதோ, இந்தத் தாய்மார்களில் ஒருவர் பெற்ற பிள்ளை.

செவி தந்த சபைக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. நாளைய அதிகாரிகளான உங்களுக்கு என் முதல் வணக்கம்.