பீம்ராவு மிஷினு

உன் ஃபோன்னாலதான் பீம்ராவு செத்தான்னு எவன் சொன்னான் தங்கச்சி? விசாரண பேப்பர்லயா? தெரியும். கூப்பாடு போட்ட அலாரத்தக் கேக்காம ஃபோன பாத்துகினு வண்டிய கவுத்தான்னு எயுதிக்கிறானுங்க. நீதான் வாய வுட்டு மூணு தபா ஃபோன் அடிச்சேன்னு சொல்லிட்ட, அத்தப் புடிச்சிகினானுங்க. நாளிக்கு பத்து மணிக்கு என்னத்தான் மொதல்ல கூப்புடுவானுங்க, கண்டெய்னர் யார்டு எலக்ட்ரீஷியன் நான்தான? சொல்றேன், எல்லாத்தியும் சொல்றேன். மொதல்ல குந்து. ஃபேனாண்ட குந்து. வியாசர்பாடிலேர்ந்து வெயில்ல வந்துக்கிற, நாஸ்தாவாவது துன்னியா இல்லியா?

இன்னா அப்டி பாக்குற? சவப்பொட்டி மாதிரி கீதுன்னா? எங்கூட்டுக்காரியும் அதயேதான் சொன்னா. இதான் ஒம் புருசன் கட்டுன மிஷினு. எட்டு மாசமா ஞாயித்துக்கெயம கொருக்குப்பேட்ட, கொருக்குப்பேட்டன்னு ஓடியாந்தானே, இதுக்குத்தான். முடிஞ்சப்பறம் உன்னாண்ட காட்டணும்னு கெடந்தான்.

பின்பாலுன்னு பேரு. பத்தாவது படிக்கச்சொல்ல பிரவுசிங் சென்டர்ல மத்தவன்லாம் கார் ஓட்டுவான், நானும் அவனும் இந்தக் குண்டு உருட்டுற ஆட்டத்தயே ஆடிகினு இருப்போம். ஒரிஜினல் மிஷின்ல நெசமான இரும்புக் குண்டு ஓடும். இதுல எல்லாம் டிவில ஓடற பொம்மதான். படுக்க வெச்சிக்கிறது பாடி ஒடஞ்ச டிவி, ஆனா படம் சோக்கா தெரியும். நிமுந்து நிக்கிற ஸ்கிரீன்ல பாயிண்டு வரும். கீய ஒரு பழைய சிபியு. பலகை கண்டெய்னர் தரைல போடுவாங்களே அந்த பிளைவுட்டு, ஒதவாதுன்னு கண்டம் பண்ண பொட்டிலேர்ந்து ரெண்டு பேரும் பேத்து எடுத்தோம். பூச்சி மருந்து வாட இன்னும் போகல பாரு. கலீஜ்.

கைய ரெண்டு பக்கமும் வையி. சும்மா வையி தங்கச்சி. வெள்ள பட்டன அமுக்கு, ஆட்டம் எந்திரிக்கும். இந்த ஸ்பிரிங் கம்பிய இஸ்து வுடு. தோ, குண்டு மேல போச்சா? கீய வரச்சொல்ல சைடு பட்டன தட்டு, கீய கீற மட்ட குண்ட தூக்கி அடிக்கும். கையில டொக்குன்னு ஒதச்சுதா? அது டிவி சவுண்டு இல்ல. மோட்டருக்குப் போடற காண்டாக்டருன்ற சுச்சு, கரண்டு வந்தா படக்குன்னு இஸ்துக்கும். பலகைக்கு அடில ரெண்டு மாட்டிக்கிறேன். அது இல்லாங்காட்டி ஃபோன்ல ஆடற மாதிரி சப்புன்னு இருக்கும். அந்த டொக்க மட்டும் பீம்ராவு காதால கேக்கல. அவன் போயி ஒம்பதாவது நாளு மாட்னேன்.

ஐய, மிஷின ஆட்டாத. ஆட்டுனா டில்ட்டுன்னு வரும், ரெண்டு மட்டயும் படுத்துக்கும், குண்டு போச்சு. சாயறத கண்டுபுடிக்க உள்ள ஒரு போர்டு கீது. ஒம் புருசன் வயித்தால இடிச்சி இடிச்சி ஆடி டில்ட்டு வாங்குவான், காண்டாவான். அத்த தூங்க வெச்சிடு வல்லரசுன்னு என் உயிர எடுத்தான். முடியாது போடான்னேன். அது இல்லாத இன்னா ஆட்டம்?

தூங்க வைக்கிறதுன்னா யார்டு பேச்சு. அவன் ஓட்டுனது ஸ்டாக்கரு, கண்டெய்னர தூக்கி அடுக்கற வண்டி. அதுலயும் சாஞ்சா கத்தற அலாரம் கீது. யார்டு தரை பூரா பள்ளம், மய பேஞ்சா குட்டை. பள்ளத்துக்கு பள்ளம் கத்தும், வண்டி தானா ஸ்லோவாயிடும். கொயந்த அழுவுதுன்னு சொல்லுவோம். லோடு ஏறலன்னு சூப்பர்வைசரு பேஜார் பண்ணுவாரு. கொயந்தய தூங்க வையின்னு டிரைவருங்க என்னாண்ட வருவானுங்க. நான் ஒரு ஒயர கழட்டி வுடுவேன். எல்லாருக்கும் தெரியும். நாளிக்கு குந்தப்போற ஆபிசருங்களுக்கும் தெரியும்.

ஆமா. அடிக்கல. அன்னிக்கு அலாரம் அடிக்கவே இல்ல தங்கச்சி.

இல்ல, கழட்டச் சொல்லி பீம்ராவு கேக்கல. சத்தியமா அவனுக்குத் தெரியாது. முந்தின ஷிப்டு அருள்பிரகாசம் கேட்டான், கழட்டுனேன். கழட்டுனா ஸ்டியரிங்ல ஒரு செவப்புத் துணி கட்டணும். எங்கியும் எயுதி வெக்கல, ஆனா கட்டுவோம். துணியப் பாத்தா அடுத்தவன் மெதுவா திருப்புவான். துணி இல்லன்னா கொயந்த முயிச்சிகினு கீதுன்னு நம்பி ஓட்டுவான். ஒம் புருசன் நம்பி ஓட்டுனான்.

யாரு கட்டணும்? ஒயர கழட்டுனவன்தான். துணி கையிலதான் இருந்துச்சி. பின்னாடி ஒரு பழைய கரண்டு பேனல காயலாங்கட லாரில ஏத்திகினு இருந்தானுங்க. அதுலதான் இந்த ரெண்டு காண்டாக்டரும் இருந்துச்சி. லாரி கெளம்பிடுமேன்னு ஓடிட்டேன். வந்து கட்டிக்கலாம்னு.

நாளிக்கு சொல்லிடுவேன். வேல போவட்டும், உள்ள வெக்கட்டும். உன்னாண்ட சொல்லாம அங்க போயி சொல்ல மனசு வரல, அதான் வரச்சொன்னேன்.

அழுவாத தங்கச்சி. இன்னும் உன் ஃபோன் கால்னாலதான்றியே. அவன் ஃபோன யார்டு பூரா தேடுனியே, தோ, இந்தா. வண்டி ஏறச்சொல்ல தெனம் என்னாண்ட குடுத்துட்டுத்தான் ஏறுவான். அன்னிக்கும் லாரியாண்ட வந்து பாக்கெட்டுல போட்டுட்டுப் போனான், எனக்கு துணி நெனப்பே வரல. அன்னிக்கு நீ அடிச்ச மூணு தபாவும் என் பாக்கெட்டுலதான் அடிச்சிது. ரெண்டு கையாலயும் அந்த பேனல்ல ஸ்குரூ கழட்டிகினு இருந்தேன், எடுக்கல.