வெறுந்தரைக்கு ஊற்றிய தண்ணீர்

— மூணாந்தடவையா இந்தத் தரை ஓட்டப் பேத்து எடுக்கேன், அம்மா. இனி ஓட்டு மேல பழியப் போடாதிய. சுண்ணாம்புலயும் கொறையில்ல, எங்கையிலயும் கொறையில்ல.

— அப்புறம் ஏனுங்க கொத்தனாரே, இந்த மூலை மட்டும் தூக்குது? மத்த மூணு மூலையும் பலகையாட்டம் கெடக்குதுங்களே.

— அதத்தான் நானும் கேக்கேன். பங்குனி வெயிலு மண்டையப் பொளக்கு. ஊரே காஞ்சு கெடக்கு. இந்த ஓட்டுக்கு அடியில மட்டும் மண்ணு, மாவு பெசஞ்சாப்ல இருக்கு, கேட்டியளா. செவத்தத் தொட்டுப் பாருங்க. முழங்கால் ஒசரத்துக்கு ஓதம் ஏறியிருக்கு. பூச்சு பொருக்கு பொருக்கா உதிருது.

— ஒரு பாயப் போட்டு மறைச்சுக்கலாமுங்க. புதங்கெழமை அவிங்க வந்துட்டுப் போற வரைக்கும்.

— பாயப் போட்டு மறைக்கதுக்கா உங்க வீட்டுக்காரரு, பண்ணாடி, பாலக்காட்டுல இருந்து வண்டி கட்டி மங்களூர் ஓடு எறக்குனாரு? "வேதமுத்து, என் தங்கச்சி மக மாமன் ஊட்டுக்கு மொத விருந்துக்கு வருது, அந்தப் புள்ள கால் வெக்கற தரை கண்ணாடியாட்டம் இருக்கோணும்"னாரு. இது பாழாப்போச்சுன்னா இந்த ஊருல எவன் எனக்கு வேல குடுப்பான்?

— அவருக்கு அந்தப் புள்ள பாவாத்தா மேல அத்தனை உசுருங்க. எங்க நாத்தனா கமலாத்தாளுக்கு எட்டு வருசம் புள்ளையில்ல. அவ புருசன் ரெண்டாங் கல்யாணத்துக்குப் பொண்ணுகூடப் பாத்துட்டான். அப்புறம் மலைமேல காந்தலூர்ல பொறந்த புள்ள இது. பாதை செரியில்லைன்னு நாங்க யாரும் போகலைங்க. மூணு வருசம் கழிச்சுத்தான் கீழ கூட்டியாந்து காட்டுனா. இப்பப் பதினொண்ணுதானாம், அதுக்குள்ள சமைஞ்சிருச்சு. மலைத் தண்ணி அப்புடிங்கறா.

— இருக்கும். செரி, பின்னால வாங்க, நீங்க பொடக்காளிம்பியளே, அங்க. இந்தா, அதே செவத்துக்கு வெளிப்பக்கம். கெணறு அந்தால இருக்கு. அடுப்படித் தண்ணி வாழைக்குப் போவுது. மழையுமில்ல. இங்க செடியில்ல, கொடியில்ல, வெறுந்தரை. இதுக்கு யாரு தண்ணி ஊத்துதா?

— நாய் வந்து படுத்திருக்குமுங்க.

— நாயா கொடம் கொடமா ஊத்தும்? வெள்ளனே வந்து பாத்தேன், அம்மா. பளபளன்னு ஈரம். எறும்பு சாரை சாரையாப் போவுது. குனிஞ்சு மோந்தேன். பால் வாசம்.

— நேத்து வெள்ளிக்கெழமைங்க.

— வெள்ளிக்கெழமைன்னா?

— வெள்ளிக்கெழமைக்குப் பால். மத்த நாளைக்குத் தண்ணி. நாந்தான் ஊத்தறேன். போதுங்களா?

— எதுக்கும்மா?

— பொறந்த சூட்டோட போற புள்ளைய எங்க ஊட்டுல சுடுகாட்டுக்குக் கொண்டு போக மாட்டாங்க, கொத்தனாரே. ஊட்டுச் செவத்தோரமாப் பொதைப்பாங்க. மறுக்கா இதே ஊட்டுல வந்து பொறக்கோணும்னு.

— ஐயோ பாவமே. எப்ப?

— பெரு வெள்ளம் வந்துச்சே, அந்த வருசம் ஐப்பசி. பொம்பளப் புள்ள. பெத்ததுதான் தெரியும், சன்னி கண்டு மூணு நாள் எனக்கு நெனப்பே இல்லைங்க. கண்ணு முழிச்சப்ப பேறு பாக்க வந்த நாத்தனாகூட மலைக்குத் திரும்பிட்டா. இவரு மட்டும் உக்காந்திருந்தாரு. "என்ற கையாலயே பொதைச்சேன், இந்த எடத்துல"ன்னாரு. மூஞ்சியக்கூட நான் பாக்கல. பன்னண்டு வருசமா ஊத்தறேன். அதுவும் வரல, வேற ஒண்ணும் வரல.

— அம்மா, நானும் ரெண்ட மண்ணுக்குக் குடுத்தவந்தான். ஆனா இங்க ரெண்டடி தோண்டி, ஈர மண்ண எடுத்துட்டு, கரியும் மணலும் போட்டு இடிச்சாத்தான் ஓதம் நிக்கும். வேற வழி எனக்குத் தெரியல. பதமாத்தான் தோண்டுவேன். எதுவும் தட்டுப்பட்டா துணியில ஏந்தி அந்த மாமரத்தடியில வெச்சிருதேன்.

— மம்பட்டி வெச்சீங்கன்னா நான் இங்கயே படுத்துக்குவேன்.

— எந்திரிங்கம்மா. பண்ணாடி வாராரு.

— என்ன வேதமுத்து, மம்பட்டியப் புடிச்சுட்டு வேடிக்கை பாக்கறே? எண்ணி நாலு நாளுதான் இருக்குது.

— ஓதம் எங்கருந்து ஏறுதுன்னு கண்டுட்டேன், பண்ணாடி. தோண்டணும். அம்மா வேண்டாங்காவ.

— ஏ மருதாத்தா, அக்கட்டால வா. வெய்யில்ல என்ன பண்ணறே?

— ஏனுங்க, தரை எப்புடிக் கெடந்தா என்னங்க? பாவாத்தா ஒண்ணும் நெனைக்க மாட்டா. இந்த எடத்த மட்டும் உட்டுருங்க.

— அவ நெனைக்க மாட்டா. எனக்கு மனசு கேக்கோணுமில்ல? கால் தடுக்கி உழுந்துட்டா? நீ வெட்டு, வேதமுத்து.

— பையத்தான் வெட்டணும், பண்ணாடி. எலும்பு கிலும்பு தட்டுச்சுன்னா...

— ஒண்ணும் தட்டாது. கடப்பாரையவே போடு. அங்க என்ன கெடக்குது, வெறும் மண்ணு.

— வெறும் மண்ணுங்களா?

— பன்னண்டு வருசமாச்சே, மக்கியிருக்கும்னு சொன்னேன்.

— நீங்க அப்புடிச் சொல்லலீங்க.

— பண்ணாடி, நான் சுண்ணாம்புத் தொட்டியப் பாத்துட்டு வாறேன்.

— நில்லுங்க, கொத்தனாரே. வெட்டுங்க. நானே சொல்றேன், ஆழமா வெட்டுங்க.

— வேண்டாம், வேதமுத்து. மம்பட்டியக் கீழ வை.

— ஏனுங்க? இப்பத்தான கடப்பாரையே போடச் சொன்னீங்க?

— பாயப் போட்டு மறைச்சுக்கலாம். நீ உள்ள வா, மருதாத்தா. பொறவு சொல்றேன்.

— பொறவு வேண்டாமுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் இங்கயே சொல்லுங்க. புதங்கெழமை வர்ற புள்ளைக்கு நெசமா என்ன வயசுங்க?