கரையேறியதாக ஒரு பதிவு

ஐப்பசி மழையில் எங்கள் அலுவலகத்துக்கு வரும் டீ, மேசைக்கு வருவதற்குள் ஆறிவிடும் சார். இங்கே ஸ்டேஷனில் கொடுத்தது சூடாக இருந்தது. நன்றி.

படகுச் சங்கத்தின் கம்ப்யூட்டர் ஒன்பது வருடமாக என் பொறுப்பு. எந்த விசைப்படகு கடலில் இருக்கிறது, எது கரைக்கு வந்துவிட்டது என்று அதில் பதிவு இருக்கும். புயல் எச்சரிக்கை வந்தால், கடலில் உள்ள படகுகளை மட்டும் பிரித்துப் பட்டியல் அனுப்புவேன். அவற்றைத்தான் தேடிப் போவார்கள்.

போன வருடம் என் மச்சான் கார்த்திகேசனின் படகு, நீலமேகத்தின் வலையை அறுத்துவிட்டது. மச்சான் அன்று கடலுக்கே போகவில்லை என்று பதிவைத் திருத்தினேன். யாரும் கேட்கவில்லை. ஆனால் நீலமேகம் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. நான் டீக்கடைக்குப் போனால் பேச்சை நிறுத்துவார். எழுந்து போய் யாருக்கோ போன் செய்வார். கடைசியாகக் கடலுக்குப் போன அன்று என் ஜன்னலருகே வந்து நின்றார்.

"ஒரு விஷயம் இருக்கு தம்பி. திரும்பி வந்து பேசிக்கலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாம் நாள் எச்சரிக்கை வந்தது. பதினான்கு படகுகள் வெளியே இருந்தன. அவருடைய படகுக்கு நேராக இருந்த 'கடலில்' என்பதை 'நாகப்பட்டினத்தில் கரையேறியது' என்று மாற்றினேன். பதின்மூன்று படகுகளின் பட்டியலை அனுப்பினேன். பதின்மூன்றும் பத்திரமாக வந்து சேர்ந்தன. அதில் என் பங்கும் உண்டு.

மதியம் அவர் மனைவி தாமரைச்செல்வி நனைந்துகொண்டே வந்தார். போன் கிடைக்கவில்லை என்றார். ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பினேன்.

"அண்ணன் நாகப்பட்டினத்துல ஒதுங்கியிருக்காங்க அண்ணி. நீங்களே பாருங்க."

"நீ சொன்னாப் போதும் தம்பி," என்றார். படகில் இருந்த மற்ற ஆறு பேரின் வீட்டுக்கும் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். யாரும் தேடவில்லை.

நீலமேகம் சொன்ன அந்த விஷயம், மகள் சிவப்ரியாவை என்னிடம் கம்ப்யூட்டர் பழக அனுப்பலாமா என்று கேட்பதுதான் என்கிறீர்கள். இருக்கலாம். அவர் முகத்தை நீங்கள் பார்க்கவில்லை.

புயல் கடந்த மறுநாள் காலை, முதல் வேலையாக அந்தப் பதிவை மறுபடியும் 'கடலில்' என்று மாற்றினேன். ஏழு பேரும் அங்கேதானே இருந்தார்கள். தவறான தகவலை அப்படியே விட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை.