ஆல்டர்பி ஸ்டேஷனைப் பற்றி நீங்கள் கேட்டது

ஐயா,

ஆல்டர்பி ஸ்டேஷனில் கடைசிவரை குடிதண்ணீர்க் குழாய் கிடையாது. காலை ரயிலில் கேன்களில் தண்ணீர் வரும். காலி கேன்களை மாலை ரயிலில் ஏற்றிவிடுவோம். லிங்கன்ஷயர் ஸ்டேஷன்கள் எல்லாவற்றின் வரலாற்றையும் எழுதுவதாகவும், எங்களுடையதைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லும்படியும் கேட்டிருந்தீர்கள். முப்பது வருஷம் அங்கே போர்ட்டராக இருந்தவன் நான். ஐம்பது வயதில்தான் எழுதப் படித்தேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கடிதங்களை மகள் ஹெஸ்டர்தான் எழுதித் தருவாள். இதை நானே எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தில், 1941 ஜனவரியில் விடுப்பில் வந்த சிப்பாய் ஒருவர் போர்க்கால இருட்டடிப்பில் ஸ்டேஷன் தெரியாமல் தாண்டிப் போய், தண்டவாளத்தோடு நடந்து திரும்பும்போது இறந்தார் என்று போட்டிருக்கிறது. அதில் ஒரு சின்னத் திருத்தம்.

அதற்கு முந்தின கோடையிலேயே எதிரிக்கு ஊர் தெரியக்கூடாது என்று எல்லா ஸ்டேஷனிலும் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. அன்று எனக்கு எழுத்து தெரியாது. லிங்கன்ஷயர் முழுக்க என்னைப்போல ஆகிவிட்டது, அவ்வளவுதான். ரயில் நின்றதும் போர்ட்டர் பெயரைக் கூவ வேண்டும். அதைக் கேட்டுத்தான் ஜனங்கள் இறங்குவார்கள். எனக்கு நல்ல குரல். "பிக்வெல் கத்தினா அடுத்த ஸ்டேஷன்லயும் நாலு பேர் இறங்கிடுவான்யா" என்பார் ஸ்டேஷன் மாஸ்டர் ஆட்லின்.

ஹெஸ்டருக்கு ஒன்பது வயதாகும்போது அவள் அம்மா இறந்துபோய்விட்டாள். பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். லிங்கன் நகரத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன இடத்தில் லெனர்ட் பாஸ்க் என்ற சிப்பாயோடு பழகினாள். ஹல் துறைமுகத்துப் பையன். நான் பார்த்ததில்லை, அவனும் என்னைப் பார்த்ததில்லை. அவன் கடிதத்தை அடுப்படியில் நின்று எனக்குப் படித்துக் காட்டினாள். வெள்ளி மாலை ரயிலில் வருகிறான், சனி காலை பத்து மணிக்குக் கல்யாணம், ஞாயிறன்று அவளைத் தன் அம்மாவிடம் கொண்டுபோய் விட்டுவிட்டுப் படைக்குத் திரும்ப வேண்டும்.

"அப்பா, நான் வேலை முடிஞ்சு பஸ்ல வர ஏழரை ஆயிடும். நீ பேரைச் சத்தமாச் சொல்லு. அது ஒரு தூங்குமூஞ்சி, ரயில் ஏறினா கண்ணு சொக்கிடும்."

"சொல்றேம்மா" என்றேன்.

வெள்ளி மாலை ஆறு மணிக்கு ரயில் வந்தது. ஜன்னல்களில் திரை இறக்கியிருந்தது. கோழிக்கூடையோடு ஒரு அம்மாள் இறங்கினாள், பாதிரியார் இறங்கினார். எனக்குத் தொண்டைக்கட்டு, சத்தம் எழும்பவில்லை என்று பின்னால் விசாரணையில் சொன்னேன். தொண்டைக்கட்டு இருந்தது உண்மை. யாரும் அதற்குமேல் கேட்கவில்லை.

ஹெஸ்டர் வந்ததும், "வந்தாராப்பா?" என்றாள்.

"அந்த மாதிரி யாரும் இறங்கலைம்மா."

அது பொய்யில்லை. "காலையில வருவார், லீவு தள்ளிப் போயிருக்கும்" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டு, சுருட்டிய முடிக்குத் துணி கட்டிக்கொண்டு படுத்தாள்.

லெனர்ட் போய் இறங்கிய அடுத்த ஸ்டேஷன் நாலு மைல். அங்கேயே தங்கச் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணம் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கிறான். வாய்க்கால் பாலத்தில் ஒதுங்க இடம் கிடையாது. உருளைக்கிழங்கு ஏற்றிய கூட்ஸ் வந்தது. இருட்டடிப்பில் இஞ்சின் வெளிச்சத்தையும் மூடியிருந்தார்கள். விடிந்ததும் லைன் வேலைக்காரர்கள் அவன் உடலைத் தள்ளுவண்டியில் வைத்து எங்கள் ஸ்டேஷனுக்கே கொண்டுவந்தார்கள். நானும் ஒரு கை பிடித்து இறக்கினேன். ஹெஸ்டர் கல்யாண உடுப்பில் பிளாட்பாரத்தில் நின்றாள். அவள் அழவில்லை. அவன் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்குப் பத்திரிகை படித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டாள். அதனால்தான் நான் எழுத்துக் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

மார்ச்சில் பெண்களைப் போர்ட்டர் வேலைக்கு எடுத்தார்கள். ஹெஸ்டர் தொழிற்சாலையை விட்டு இங்கே வந்தாள். ரயில் நின்றதும் ஓடுவாள். ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டி, ஆல்டர்பி, ஆல்டர்பி என்று கூவுவாள். சண்டை முடிந்து பலகையைத் திரும்ப மாட்டிய பிறகும் விடவில்லை. கார்டு ஒருத்தர் சலித்துக்கொண்டார்: "எழுதித்தான் போட்டிருக்கே தாயி, எங்களை நேரத்துக்கு விட மாட்டியா?"

"தூங்குறவங்க எப்படிய்யா படிப்பாங்க?" என்றாள்.

அறுபத்து நாலில் ஸ்டேஷனை மூடினார்கள். கடைசி ரயிலில் ஆறு பேர்கூட இல்லை. அதிலும் எல்லா ஜன்னலையும் தட்டினாள்.

திருத்தத்துக்கு வருகிறேன். லெனர்ட் தூங்கவில்லை. கடைசிப் பெட்டியில் திரை விலகி ஜன்னல் இறங்கியது. மடியில் ஒரு தொப்பிப் பெட்டி, பெண்கள் தொப்பி வைக்கிற மாதிரி. சின்ன முகம்.

"பெரியவரே, இது ஆல்டர்பியா?"

"இல்ல தம்பி, அது அடுத்தது."

"நல்லவேளை கேட்டேன். ரொம்ப நன்றிங்க."

கண்ணாடியை நானே ஏற்றிவிட்டேன். குளிர் அடித்தது. பிறகு ரயில் கிளம்பலாம் என்று விளக்கைத் தூக்கிக் காட்டினேன்.

அவன் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. கல்யாண நேரம் தப்ப வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அந்த மே மாதத்தில் ஹல் நகரத்தில் அவன் அம்மா இருந்த தெரு குண்டில் எரிந்துபோனது. ஹெஸ்டர் அங்கே இருந்திருப்பாள். இப்போது நாற்பத்தாறு வயது, என்னோடு பத்திரமாக இருக்கிறாள். சமைக்கிறாள், என் கால்வலிக்குத் தைலம் தேய்க்கிறாள். பேச்சுதான் குறைவு.

இருபத்தைந்து வருஷமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் புத்தகத்தில் உண்மை இருக்கட்டும். ஆனால் ஹெஸ்டர் உங்கள் புத்தகத்தில் ஒரு பிரதி வாங்கச் சொல்லிவைத்திருக்கிறாள், அதனால் நான் கண்ணை மூடும்வரை இந்தப் பகுதியை அச்சிட வேண்டாம். தெரிந்தால் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவாள். இந்த வயதில் அவள் எங்கே போவாள்? எனக்காக இல்லை ஐயா, அவளுக்காகத்தான் கேட்கிறேன்.