ஒரு பேச்சுக்கு

பெலென்: இன்னிக்கும் வருவான் பாரு பெர்லிட்டா. நீயே சொல்லிடு. உன் வீட்டுல குடியிருக்கிற ஆளு.

பெர்லிட்டா: யோனாஸா? அவன் என்னக்கா பண்ணான்?

பெலென்: என்ன பண்ணானா... கோயில்ல உச்சி மணி அடிச்சா இந்த வேலி ஓரமா வர்றான். நான் தட்டும் கையுமா இருக்கேன். ‘வா, சாப்பிடலாம்’னு ஒரு பேச்சுக்குச் சொல்றேன். உடனே செருப்பை வாசல்ல விட்டுட்டு வந்து உக்காந்துக்கிறான்.

பெர்லிட்டா: கூப்பிட்டா வரத்தானே செய்வாங்க.

பெலென்: யாருடி வருவா? தபால்காரரைக் கூப்பிடறேன், வர்றாரா? பங்குச் சாமியாரைக் கூப்பிடறேன்... ‘வயிறு நிறைஞ்சிருக்கு’ன்னு சிரிச்சுட்டுப் போறாரு. அது சும்மா மரியாதைக்குக் கூப்பிடறதுன்னு நம்ம ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.

பெர்லிட்டா: அவன் சுவீடன்ல பொறந்தவன்க்கா. பிலிப்பைன்ஸைச் சுத்திப் பார்க்க ஒரு வாரம்னு நம்ம போஹோல் தீவுக்கு வந்தவன், இன்னும் கிளம்பல.

பெலென்: நம்ம ஊர்ப் பழக்கம் மத்ததெல்லாம் தெரியுதே? உதட்டைக் குவிச்சு வழி காட்டறான். கூரையைத் தட்டி ஜீப்னி வண்டியை நிறுத்தறான். வேர்வைக்கு முதுகுல துண்டைச் சொருகிக்கிட்டு அலையறான். மீன்காரி அவனை மருமகனேங்கறா. இது மட்டும்தான் மண்டையில ஏறல.

பெர்லிட்டா: கைக்காசு பார்த்து ஊர் சுத்தற பையன். ஒரு வேளைச் சோறு மிச்சம்னு...

பெலென்: அதேதான்.

பெர்லிட்டா: சரி, இன்னிக்கே சொல்லிடறேன்... அடுப்புல என்ன, பாசிப்பயறா?

பெலென்: வெள்ளிக்கிழமை இல்லையா, கறி கிடையாது, பயறுதான். முருங்கைக்கீரை போட்டிருக்கேன்.

பெர்லிட்டா: ஒரு ஆளுக்கு இவ்ளோ பெரிய சட்டியா?

பெலென்: பூனைக்கும் சேர்த்து.

பெர்லிட்டா: பூனை கரண்டி வெச்சா சாப்பிடுது? மேசையில ரெண்டாவது தட்டும் கரண்டியும் இருக்கே.

பெலென்: ...போடி.

பெர்லிட்டா: அப்ப சொல்லட்டுமா, வேண்டாமா?

பெலென்: நாளைக்குச் சொல்லேன்... எம்பொண்ணு துபாய்ல யார் வீட்டுலயோ பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருக்கா. அவளை அங்க யாராவது ஒரு பேச்சுக்காவது சாப்பிடக் கூப்பிடுவாங்களான்னு நெனைச்சுக்குவேன். இந்தப் பையன் சிலுவை போட்டுட்டு ஒரு வாய் எடுத்து வெச்சான்னா... எனக்கும் சோறு எறங்குது.

பெர்லிட்டா: இதோ, வந்துட்டான்.

யோனாஸ்: ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா அக்கா?

பெலென்: வா யோனாஸ், சாப்பிடலாம்.

யோனாஸ்: இல்லக்கா. வயிறு நிறைஞ்சிருக்கு.

பெலென்: ...பெர்லிட்டா. நீ ஏற்கெனவே சொல்லிக் குடுத்துட்டியா?

பெர்லிட்டா: குடி வந்த அன்னிக்கே. கூடவே இன்னொண்ணும் சொன்னேன். பொண்ணு போனதிலேர்ந்து நீங்க வெறும் காப்பியைக் குடிச்சுட்டுப் படுத்துடறீங்கன்னு.

பெலென்: அப்ப தெரிஞ்சேதான் உக்காந்தானா... டேய், இன்னிக்கு மட்டும் என்ன வந்துச்சு?

யோனாஸ்: கொஞ்சம் முன்னாடி வேலிப் பக்கமா போனேன்க்கா. ‘ஒரு பேச்சுக்கு’ன்னு நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. அப்படியே போயிட்டேன்.

பெலென்: பாதியைக் கேட்டுட்டுப் போனா இப்படித்தான். செருப்பைக் கழட்டு. ரெண்டாந்தடவை கூப்பிட்டா அது பேச்சுக்கு இல்ல.

யோனாஸ்: கழட்டிட்டேன்.

பெலென்: பயறை ஊத்தட்டுமா... இரு. நெஜமாவே வயிறு நிறைஞ்சிருக்கா?

யோனாஸ்: சந்தையில சாப்பிட்டுட்டுத்தான் வர்றேன்க்கா... தினமும் அப்படித்தான்.